லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீடுகள்

(வீடமைப்புக் குழுக்களுக்கான பயிற்சி நாளில் எமது தோட்டக் கமிட்டி சார்பில் ஆற்றிய உரை)



"வீடு கட்டி முடித்தவர்கள் வந்து நாலு வார்த்தை பேசுங்கள்" என்று காரியாலயத்தில் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் 18 குடும்பங்கள் தொடங்கினோம். 16 வீட்டில் பால் பொங்கியாகிவிட்டது. இரண்டு வீடு இன்றைக்கும் லிண்டல் மட்டத்தில் கூரையில்லாமல் நிற்கிறது. ஆகவே முடித்தவர்கள் என்ற பெயர் எங்களுக்குப் பொருந்தாது. உங்களில் பலருக்கு அடுத்த மாதம் அத்திவாரம் வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கே எங்கே தடுக்கி விழுந்தோம் என்று சொன்னால் உங்களுக்குப் பிரயோசனப்படும் என்றுதான் வந்தோம்.

எங்களுக்கு முதல் அடி விழுந்தது ஒரு கல் வைப்பதற்கு முன்னாலேயே. 2018ஆம் ஆண்டு பெயர்ப்பட்டியல் வந்தது. ஆளுக்கு 7 பேர்ச்சஸ், 550 சதுர அடி வீடு, இரண்டு அறை, ஒரு சாலை, குசினி, கழிவறை. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் மூன்று தலைமுறை படுத்து எழும்பியவர்களுக்கு அந்த வரைபடமே ஒரு மாளிகை மாதிரித்தான் தெரிந்தது. பாதை ஓரமாக, கோயிலுக்குக் கிட்ட, ஒரு சரிவைக் காட்டினார்கள். எல்லோருக்கும் பிடித்த இடம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து உத்தியோகத்தர்கள் வந்து பார்த்தார்கள். மண்சரிவு அபாயம் உள்ள இடம், வீடு கட்ட முடியாது என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு எங்களுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "நூற்றைம்பது வருசமா தேயிலை நிக்குது, எங்க வீடு மட்டும் நிக்காதா?" என்று பிரட்டுக்களத்தில் சத்தம் போட்டோம். நிருவாகமும் அதிகாரிகளும் சேர்ந்து செய்த சூழ்ச்சி என்று நாங்களே கதை கட்டினோம். ஒரு கிழமை கழித்து எங்கள் மாதர் தலைவி ஒரு கேள்வி கேட்டார்: "மீரியபெத்தையில என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டீங்களா?" 2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தையில் காலை வேளையில் மலை இறங்கி லயங்களை மூடிய நாள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போனதால் பிழைத்தார்கள், வீட்டில் இருந்த பெற்றோர் மண்ணுக்குள் போனார்கள். அங்கேயும் அபாயம் இருப்பதாக முன்னதாகவே எச்சரிக்கை இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அந்தச் சரிவைப் பற்றிப் பேசவில்லை.

மாற்று இடம் கிடைக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தை நாங்கள் வீணாக்கவில்லை என்பதை மட்டும் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பதினெட்டுக் குடும்பமும் சேர்ந்து மாதச் சீட்டு ஒன்று போட்டோம். யாருடைய அடையாள அட்டையில் என்ன பெயர், சேமலாப நிதியில் என்ன பெயர், பிறப்புச் சான்றிதழில் என்ன பெயர் என்று எடுத்துப் பார்த்தோம். ஐந்து பேருக்கு மூன்றிலும் மூன்று பெயர். பழைய கணக்கப்பிள்ளைமார் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போன பெயர்கள் அவை. அதைத் திருத்த அலைந்த அலைச்சல் பின்னால் எங்களுக்குப் பெரிய உதவியாக வந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

2019 தை மாதம் பூசை போட்டு அத்திவாரம் வெட்டினோம். இரண்டாவது அடி பங்குனியில் விழுந்தது. மேசன் பாஸ் ஒருவர் நாலு வீட்டைக் கொந்தரப்புக்கு எடுத்தார். நல்ல வேலைக்காரர்தான், அதைப் பொய் சொல்லக் கூடாது. நாலு வீட்டாரிடமும் முற்பணம் வாங்கினார். எழுத்தில் ஒன்றும் இல்லை. "நம்ம ஆளுதானே" என்று கொடுத்தோம். இரண்டு கிழமை வேலை செய்தார், பிறகு வரவில்லை. தொலைபேசி நின்றுவிட்டது. பொலிஸுக்குப் போனோம். "என்ன ஒப்பந்தம், எங்கே கையொப்பம்?" என்று கேட்டார்கள். காட்டுவதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அதில் ஒரு வீடு, கொழுந்தெடுக்கும் ஒரு அக்காவுடையது. கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். கொடுத்த பணம் தாலிக்கொடியை அடகு வைத்தது. அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மலைக்கு வந்து, பேசாமல் கொழுந்தெடுத்துவிட்டு, பேசாமல் நிறுவைக்குப் போனார். பாஸைக் கூட்டிக்கொண்டு வந்து அறிமுகப்படுத்தியது எங்கள் கமிட்டிதான். அந்தக் கடனில் பாதியைச் சீட்டிலிருந்து எடுத்து நாங்கள் மீட்டுக் கொடுத்தோம். மறு பாதி அவருடைய நட்டமாகவே போனது.

அதற்குப் பிறகு ஒரு கொப்பி போட்டோம். நாற்பது பக்கப் பாடசாலைக் கொப்பிதான். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பக்கம். பாஸின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த வேலைக்கு எவ்வளவு, என்றைக்கு எவ்வளவு கொடுத்தது, இரண்டு சாட்சி. முற்பணம் என்று மொத்தமாகக் கொடுப்பதில்லை. அத்திவாரம் முடிந்தால் ஒரு பங்கு, சுவர் லிண்டலுக்கு வந்தால் ஒரு பங்கு, கூரை ஏறினால் ஒரு பங்கு. கடைசிப் பங்கை ஒரு மழை பார்த்த பிறகுதான் கொடுத்தோம். கூரை ஒழுகினால் அந்தக் காசு கையில் இருக்கும்போதுதான் ஆள் வருவார். சில பாஸ்மார் கோபித்துக்கொண்டு போனார்கள். போனவர்களுக்காக நாங்கள் கவலைப்படவில்லை.

இனி மழை. நமது மலைக்கு அத்திவாரம் வெட்டத் தை, மாசி, பங்குனிதான் நேரம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்துவிட்டால் வெட்டிய கான் எல்லாம் குளம். பாஸை நம்பி எங்களுக்குப் பங்குனி போய்விட்டது. மே மாதத்தில் பாதிச் சுவரோடு மாட்டிக்கொண்டோம். பின்பக்கம் மண் வெட்டிய இடத்தில் ஒரு வீட்டின் சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒன்றரை அடிதான் இடைவெளி விட்டிருந்தார்கள். மேடு சரிந்து சுவரைத் தள்ளியது. ஆள் இல்லாத நேரம், தப்பினோம். அன்றைக்கு ஒரு பழைய கான்வெட்டுக்காரத் தாத்தா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேட்டுக்கு மேல கான் வெட்டாம கீழ வீடு கட்டுறியே, தண்ணிக்கு யாரு வழி சொல்றது?" அவர் நாற்பது வருசம் இந்த மலையில் கான் வெட்டியவர். பயிற்சிக்கு வந்த பொறியியலாளர் சொன்னதும் அதையேதான்: மேட்டின் தலையில் ஒரு கான், வீட்டைச் சுற்றி ஒரு கான், தாங்குசுவர் கட்டினால் அதில் தண்ணீர் வடிய ஓட்டைகள். தாத்தாவிடம் முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு சுவர் மிஞ்சியிருக்கும்.

சீமெந்தையும் சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைத்ததென்று மொத்தமாக வாங்கி லயத்து இஸ்தோப்பில் அடுக்கினோம், வெறும் தரையில். இரண்டு மாதத்தில் அடிவரிசை முழுக்கக் கல். பலகை போட்டு, சுவரில் முட்டாமல், பொலித்தீனால் மூடி வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வைக்கவே கூடாது, பனி மூட்டம் உள்ள நமது பக்கத்தில் அதற்கும் முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது. கொங்கிரீட் போட்டால் ஏழு நாள் நனைக்க வேண்டும். "இங்கதான் எந்நேரமும் ஈரமாச்சே" என்று விட்ட வீடுகளில் வெடிப்பு விழுந்தது. தூறல் இருந்தாலும் காற்று காய வைத்துவிடும்.

இதெல்லாம் கைக்குள் இருந்த தடங்கல்கள். அடுத்து வந்தது கைக்குள் அடங்காதது.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு. கொழுந்தெடுக்க மட்டும் நம்மை மலைக்கு அனுப்பினார்கள், அது உங்களுக்குத் தெரியும். ஹாட்வெயார் கடை பூட்டு, மணல் லொறி இல்லை. சரி, கொஞ்ச நாள்தானே என்று இருந்தோம். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். தேயிலை மஞ்சளித்தது, கொழுந்து குறைந்தது, வேலை நாளும் குறைந்தது. 2022இல் நாடே விழுந்தது. நாங்கள் தொடங்கும்போது ஒரு மூடை சீமெந்து ஆயிரம் ரூபா கணக்கு. அந்த வருசம் அது மூவாயிரத்தைத் தாண்டியது. ஒரு வீட்டுக்கு இன்னும் நூறு மூடை பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லட்சம் ரூபா கூடுதல். அப்போது நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. ஒரு வேளை தின்னாமல் குடிக்காமல் இருநூறு நாள் பெயர் போட்டால் சீமெந்தின் விலையேற்றம் மட்டும் தீரும். கம்பி, கூரைத்தகடு, மணல், லொறிக்கு டீசல், இவை தனி. உதவித்தொகையோ பழைய கணக்கில் எழுதியது. அதுவும் கட்டம் கட்டமாக வருவது. அடுத்த கட்டம் முடித்தால்தான் அடுத்த காசு, அடுத்த காசு இருந்தால்தான் அடுத்த கட்டம். பன்னிரண்டு வீடு லிண்டல் மட்டத்தில் அப்படியே நின்றன.

தோழர்களே, அந்த ஒன்றரை வருசம்தான் நாங்கள் பேச வந்த விசயம்.

அத்திவாரம் வெட்டும்போது ஊரே வந்து நின்றது. நின்றுபோன வீட்டைப் பார்க்க யாரும் வரவில்லை. வேலிப்பக்கம் போகிறவர்கள் "என்ன, மாளிகை எந்த மட்டில?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சுவருக்குள் புல் முளைத்தது. ஆடு கட்டினார்கள். சில ஆண்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டு வேறு பக்கம் போனார்கள், எந்தப் பக்கம் என்று தாய்மார்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் சண்டை. "உன் பேச்சைக் கேட்டு நகையைக் குடுத்தேன்" என்று அவள், "நானா கேட்டேன்" என்று அவன். வாசலுக்கு நுண்கடன் கம்பனிக்காரர் வந்தார்கள். கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன். மூன்று குடும்பம் எடுத்தது. அந்த மூன்றும் சீமெந்தாக மாறவில்லை. முதல் கடனைக் கட்ட இரண்டாவது கடன் என்று போனது. கடன் எடுக்காதே என்று நாங்கள் சொன்னோம். ஆனால் எடுக்காமல் என்ன செய்வது என்று சொல்ல எங்களிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாமல் புத்தி சொல்லப் போனால் யார் கேட்பார்கள்?

பதில் ஒரு கூட்டத்தில் வந்தது. கூட்டம் என்ன, அம்மன் கோயில் திண்ணையில் ஒரு போயா நாள் பின்னேரம் உட்கார்ந்திருந்தோம். நான் முன்னே சொன்ன அக்கா, பேசாத அக்கா, அவர்தான் பேசினார். "பன்னெண்டு வீட்டையும் முழுசா முடிக்க முடியாது. பன்னெண்டு வீட்லயும் ஒரு காம்பராவையும் குசினியையும் மூட முடியுமான்னு பாருங்க." எல்லோரும் வாயடைத்துப் போனோம். வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தக் கணக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டோம். செய்யலாம், ஆனால் மீதிச் சுவரைக் காப்பாற்ற வேண்டும் என்றார். சுவரின் தலையைப் பொலித்தீனால் மூடி மேலே கல் வைத்தோம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்குச் சீமெந்துப் பால் பூசினோம், துரு ஏறாமல் இருக்க. பிறகு மறுபடி தொடங்கும்போது கம்பித் தூரிகையால் தேய்த்து, சுவரின் தலையைக் கொத்திக் கழுவி, ஈரப்படுத்தி, அதற்கு மேல்தான் கட்டினோம். இதைச் செய்யாமல் விட்ட ஒரு வீட்டில் மேல் மூன்று வரிசைக் கல்லைக் கழற்ற வேண்டி வந்தது.

அடுத்தது யார் வீடு முதலில் என்ற கேள்வி. இதில்தான் கமிட்டி உடையப் பார்த்தது. கையில் இருந்தது சீட்டுக் காசும், கழற்றிப் போட்ட பழைய கூரைத்தகடுகளும், ஞாயிற்றுக்கிழமைகளும்தான். எங்கள் கமிட்டியிலேயே ஒருவர், தன் வீட்டு வேலை கூடுதலாக முடிந்திருக்கிறது, அதனால் அதை முதலில் எடுப்பதுதான் நியாயம் என்றார். கணக்குப்படி பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் கமிட்டிக்காரன் வீடு முதலில் மூடினால் மீதிப் பதினொரு வீட்டிலிருந்து கைக்கு ஆள் வராது. இரண்டு ஞாயிறு இதைப் பேசியே போனது. கடைசியில் வயதானவர்கள் உள்ள வீடு, கைக்குழந்தை உள்ள வீடு முதலில், மற்றவை சீட்டுக் குலுக்கலில், கமிட்டிக்காரர் வீடுகள் கடைசியில் என்று முடிவானது. அந்தத் தோழர் கோபித்துக்கொண்டு விலகினார். நாலு மாதம் எங்கள் முகம் பார்க்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு மண்வெட்டியோடு வந்து நின்றார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, தேத்தண்ணி கொடுத்தோம்.

ஒரு காம்பராவும் குசினியும் மூடியதும் பலர் லயத்திலிருந்து சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். குடியிருக்கிற வீட்டில் வேலை தானாக நகரும். விறகுக்குப் போகும்போது ஒரு கல், தண்ணீருக்குப் போகும்போது ஒரு வாளி மணல்.

சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்து வருசத்துக்கு மேல் அங்கத்தவராக இருந்து, கணக்கில் மூன்று லட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், வேலையில் இருக்கும்போதே இருப்பில் 30 வீதத்தை வீட்டுக்காக எடுக்கலாம். தொழில் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எங்களில் ஆறு பேர் எடுத்தார்கள். அந்த ஆறில் இரண்டு பேர் முன்பு பெயர் திருத்தியவர்கள். திருத்தாமல் இருந்திருந்தால் அலுவலக வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் ஒன்று, இது திருப்பிக் கட்டும் கடன் அல்ல, உங்கள் வயதுகாலச் சோற்றிலிருந்து எடுக்கும் பிடி. தாய்மார்களுக்கு ஐம்பது வயதில் வரவேண்டிய காசு அது. கூரைக்காக எடுத்தவர்களை நாங்கள் தடுக்கவில்லை. தரைக்கு டைல் பதிக்க எடுக்கிறேன் என்று வந்தவரோடு சண்டை பிடித்தோம். அவர் எடுத்துவிட்டார், டைலும் அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னோம், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும், இந்தச் சங்கத்தின் பிழையும் கூட. 2018இல் காகிதங்கள் வந்தபோது "கையெழுத்துப் போடுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று நாங்கள்தான் சொன்னோம். பல பக்கங்கள், சிங்களத்தில். வாசித்துச் சொல்ல ஆள் தேடவில்லை. அவசரம், பெயர் வெட்டுப்பட்டுவிடும் என்ற பயம். பின்னால் பார்த்தால் பலர் கையில் இருப்பது ஒரு கடிதம்தான், காணி உறுதி அல்ல. தோட்டக் காணி 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையானது. 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனது. அதனால் அந்த ஏழு பேர்ச்சஸைக் கம்பனியிடமிருந்து விடுவித்து, அளந்து, உறுதி எழுத வேண்டும். வீடு எழும்பிவிட்டது, உறுதி வரவில்லை. உறுதி இல்லாமல் வங்கியில் கடன் இல்லை. அதனால்தான் நம் ஆட்கள் கிழமைக் கடன்காரனிடம் போய் விழுகிறார்கள். இப்போது நாங்கள் பிரதேச செயலகத்துக்கு மாதம் ஒருமுறை போகிறோம். கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் உறுதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நீங்கள் அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னாலேயே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். காகிதத்தைத் தமிழில் கேளுங்கள். அதைக் கேட்டதற்காக உங்கள் பெயரை வெட்டினால், அதற்குத்தானே சந்தா கட்டிச் சங்கம் வைத்திருக்கிறோம்.

பாதைக்குப் பிரதேச சபையிடமும் போகலாம். 2018இல் சட்டம் திருத்தும் வரைக்கும் தோட்டத்துக்குள் செலவு செய்யச் சபைக்கு வழியில்லை என்று சொல்லிக் கைவிரிப்பார்கள். இப்போது அந்தச் சாட்டு இல்லை. எங்களுக்கு இன்னும் பாதை போட்டுத் தரவில்லை, அது வேறு கதை.

வீடு முடியும்வரை இருக்காதவர்களும் உண்டு. முதல் வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர், எழுபத்தெட்டு வயது, ஒவ்வொரு பின்னேரமும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து தன் வீட்டு நிலைப்படியில் உட்காருவார். கதவு இல்லை, கூரை இல்லை, நிலைப்படி மட்டும். "லயத்துல வாசப்படிய மிதிச்சா அடுத்த வீட்டு அடுப்பு. இங்க பாரு, சுத்தி எவ்வளவு இடம்" என்பார். 2022 ஆவணியில் இறந்துபோனார். உடலைக் கூரையில்லாத அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் எடுத்தார்கள். மகன் அப்படி வேண்டும் என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது, நாங்கள் நாலு பேர் பொலித்தீனைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பாக்கி இருக்கும் இரண்டு வீட்டில் ஒன்று அந்த மகனுடையது. அம்மா போன பிறகு அவர் இரண்டு வருசம் ஒரு கல் வைக்கவில்லை. நாங்களும் நெருக்கவில்லை. போன மாதம் அவராகவே வந்து கொப்பியில் தன் பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். மரம் அறுத்தாகிவிட்டது. தகடு பதினாறு வந்திருக்கிறது, இன்னும் ஆறு வேண்டும். மற்ற வீடு கொழும்புக்கு வேலைக்குப் போன குடும்பத்துடையது, அவர்கள் தீபாவளிக்கு வந்தால்தான் பேச முடியும்.

வருகிற ஞாயிறு அந்த மகன் வீட்டுக்குக் கூரை ஏற்றுகிறோம். காலை ஏழரைக்குத் தொடங்குவோம். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரக்கூடியவர்கள் கைக்கு வாருங்கள், வீடு கட்டப் போகிறவர்கள் வந்தால் வேலையைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். கொப்பியையும் காட்டுகிறோம். சுத்தியல் இருந்தால் கொண்டுவாருங்கள், எங்களிடம் மூன்றுதான் இருக்கிறது. மத்தியானம் சோறு இருக்கும். மழை பிடித்தால் அதற்கு அடுத்த ஞாயிறு.